ஆறு கட்டுச் சீட்டும் ஒரு மாப்பிள்ளையும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் மில்லர்புரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் என் மகளின் கல்யாணமும் கிடந்தது.

பதறாதீர்கள். பதறுவது என் டிபார்ட்மெண்ட்.

விஷயம் இதுதான். மகள் ரீனாவுக்கு ஒரு பையனைப் பிடித்துவிட்டது. பெயர் ஆல்வின். நம்ம ஊர்ப் பையன், நல்ல குடும்பம், சொகுசுக் கப்பலில் வேலை. கப்பலில் என்ன வேலை? இன்ஜினியரா? சமையலா? இல்லை... கேசினோவில் சீட்டு போடுகிற வேலை. பிளாக்ஜாக் டீலர்!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வலைக்கயிறு விற்றுப் பிழைக்கிறவன் நான். எனக்குத் தெரிந்து சீட்டாட்டக்காரர்கள் இரண்டு வகை. தன் சொத்தை அழித்தவன், அடுத்தவன் சொத்தை அழித்தவன். இவன் எந்த வகை? நான் வேண்டாம் என்றால் ரீனா மீற மாட்டாள். அழுதுவிட்டு ஒதுங்கிவிடுவாள். என் பயமே அதுதான். தப்பாகச் சொல்லிவிட்டால்?

"ஆளைப் பாக்காமலே எப்படிங்க முடிவெடுப்பிய?" என்றாள் என் மனைவி ஃபிலோ.

சரி, வரச் சொன்னோம். வந்து உட்கார்ந்தவனிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏமாத்தித்தான தம்பி அங்க ஜெயிக்கீங்க?"

ரீனா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆல்வின் சிரித்தான். "சீட்டுக்கட்டு இருக்கா மாமா? போட்டே காட்டுதேன்."

காசு வைத்து ஆட என் வீட்டில் தடை. அதனால் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனை வைத்து ஆடினோம். ஆட்டம் சுலபம். கைக்கு வரும் சீட்டுகளின் கூட்டல் இருபத்தொன்றை நெருங்க வேண்டும். தாண்டினால் அவுட். படச் சீட்டுக்குப் பத்து. ஆஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, நம் வசதிப்படி. நாம் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். டீலர் மட்டும் பதினேழு வரும்வரை எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் ஒரே கட்டு. ஃபிலோதான் ஆடினாள். நான் எப்போதோ வாய்தவறிச் சொன்ன சொல்லையே மறக்காதவள், சற்று முன் போன சீட்டையா மறப்பாள்? எது போயிற்று, எது பாக்கி என்று மனதுக்குள் கணக்கு வைத்தாள். ஜெயித்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை எண்ணுதாங்க மாமா!" ஆல்வின் அசந்துவிட்டான். "இதுக்குப் பயந்துதான் கப்பல்ல ஆறு கட்டு, எட்டுக் கட்டுன்னு ஒண்ணாக் கலக்குதாங்க. ஒத்தைக் கட்டுல ஆஸ் நாலுதான். நாலும் போயிட்டா ஆட்டமே மாறிடும். எட்டுக் கட்டுல முப்பத்திரண்டு ஆஸ். அதுல நாலு போனா என்ன? டம்ளர் தண்ணில ஒரு கல்லு உப்பு போட்டா நாக்குல தெரியும். குடத்துல போட்டா?"

"எண்ணத் தெரியாதவனுக்கு?"

"அவனுக்கும் கட்டு கூடக்கூட மயிரிழை அளவு நஷ்டம்தான். ஏமாத்தவே வேண்டாம் மாமா, கணக்கே போதும்."

எனக்குத் திருப்தி இல்லை. "அங்க போடுத மாதிரியே ஆறு கட்டு போடுங்க. நான் ஆடுதேன்."

ஆறு கட்டுக்கு எங்கே போவது? என் மச்சினன் சேவியர் பைக்கை எடுத்தான். ஹார்பர் ரோட்டில் லோடுக்குக் காத்துக்கிடக்கும் லாரி டிரைவர்களுக்குச் சீட்டுதான் பொழுதுபோக்கு. ஒரு மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு வந்தான்.

"ஆறு கட்டுக்கு ஒல்லியா இருக்கே?" என்றான் ஆல்வின்.

"பழசுல்லா, தேஞ்சிருக்கும்!"

ஆல்வின் கலைத்ததைப் பார்க்க வேண்டுமே... அழுக்குச் சீட்டுகள் அவன் கையில் தண்ணீர் மாதிரி ஓடின.

நான் ஆடினேன். என் சுபாவம்தான் தெரியுமே? இன்னொரு சீட்டு எடுத்தால் அவுட் ஆகிவிடுவேனோ என்று பயம். "வேணுமா மாமா?" "வேண்டாம்!" பதினைந்தில் நின்றேன். அவனுக்குப் பதினாறு. எடுத்தான், ராஜா வந்தது. அவுட்! அடுத்த ஆட்டமும் அவுட். அதற்கடுத்ததும். என் தட்டில் மக்ரூன் மலையாகக் குவிந்தது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்னால் முடியுமா? தொழிலே இதுவாக இருப்பவன் என்னிடம் எப்படித் தோற்பான்?

"ஏலே, வேணும்னே தோக்கியா? பொண்ணுக்காக என்னை வளைக்கப் பாக்கியா?"

ரீனா எழுந்துவிட்டாள். ஆல்வின் முகம் சிவந்தது.

"தோக்கணும்னு நெனச்சாலும் டீலருக்கு வழி கிடையாது மாமா. பதினாறுன்னா எடுத்தே ஆகணும்" என்றவன் சட்டென்று நிறுத்தினான். "ஆமா... இவ்வளவு நேரத்துல ஒரு ரெண்டு வந்துச்சா? ஒரு மூணு?"

எல்லாச் சீட்டையும் மேசையில் விசிறி மாதிரி விரித்தான். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, படங்கள், ஆஸ். இரண்டு முதல் ஆறு வரை ஒன்றுகூட இல்லை!

சேவியர் தலையில் அடித்துக்கொண்டான். "அட, அங்கன டிரைவர் பயலுவ முந்நூத்திநாலுல்லா ஆடுதானுவ!"

அந்த ஆட்டத்தில் சின்னச் சீட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். மச்சினன் மிச்சத்தை மட்டும் வாரிக்கொண்டு வந்திருக்கிறான்.

"அத்தை எண்ணுனதும் இதைத்தான் மாமா. சின்னச் சீட்டு போகப் போக, கட்டாயமா எடுக்க வேண்டிய டீலருக்கு ஆபத்து. இங்கன மொதல்லயே எல்லாம் போயிட்டு. ஆறு கட்டு என்ன, நூறு கட்டு போட்டாலும் பயந்து நிக்கிற நீங்கதான் ஜெயிப்பிய."

"உனக்கு முன்னாலயே தெரியலியா?"

"கப்பல்னா மூணாவது ஆட்டத்துலயே பிடிச்சிருப்பேன். இங்கன சீட்டை எங்க பாத்தேன்? உங்க முகத்தையில்லா பாத்துட்டு இருந்தேன்... பயத்துல."

அட, இவனும் நம்மைப் போலப் பயந்த ஜாதி! எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. சேவியரைத் திரும்ப விரட்டினேன். சின்னச் சீட்டுகளும் வந்தன. மறுபடி ஆட்டம்.

நான் அதே பயத்தோடு "வேண்டாம், வேண்டாம்" என்றேன். இப்போது அவன் பதினாறில் எடுத்தால் நாலு வருகிறது, ஐந்து வருகிறது. மலை கரைந்தது. கடைசியில் தட்டில் ஒரே ஒரு மக்ரூன். அதையும் வைத்தேன். அதுவும் போயிற்று.

"அந்த ஒண்ணையாவது மாமாவுக்கு விட்டுக்குடேன்யா" என்றாள் ஃபிலோ.

"முடியாது அத்தை. விட்டுக்குடுத்தா, வளைக்கப் பாக்கேன்னு மறுபடி சொல்லுவாங்க." எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பெண் கேட்டு வந்த வீட்டில், பெண்ணின் அப்பாவை மகிழ்விக்கக்கூடத் தோற்க மறுக்கிறவன்! இவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

"ஏளா ரீனா, தேதி குறிச்சிருவோம்" என்றேன்.

இப்போது ஒரே ஒரு கவலைதான். பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தி எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேட்டால்... உண்மையைச் சொல்லிவிடுவானே!