முதல் வரிசையிலிருந்து நான் எடுத்தது

என் மருமகள் தன்னுடைய விளையாட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்த அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முதல் வரிசைய மட்டும் தொடாதீங்க அத்தே." நான் தொட்டேன். தொட்டதைவிடப் பெரிய தப்பு அதற்கு மறுநாள் செய்தது. இரண்டையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

பெட்டி ஒரு சாண் நீளம் இருக்கும். துபாயில் இருக்கிற அவள் அண்ணன், அவள் கல்யாணத்துக்கு வந்தபோது கொடுத்தது. அதற்குள் குட்டி குட்டியாகப் பூதங்கள். அவள் மான்ஸ்டர் என்பாள், எனக்குப் பூதம்தான். பிடித்து, வளர்த்து, பழக்கி, வேறு ஊரில் இதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறவர்களின் பூதங்களோடு சண்டைக்கு விட வேண்டும். எதிராளி எங்கேயோ இருப்பான், முகம் தெரியாது.

பூதங்களுக்கு ரகம் உண்டு. இலை ரகம், நெருப்பு ரகம், தண்ணீர் ரகம், கல் ரகம் என்று பலது. தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு இலையை எரிக்கும், இலை தண்ணீரைக் குடிக்கும். வழக்கமாக ஆறு பூதத்தைக் கலந்து வைத்துக்கொண்டுதான் சண்டைக்குப் போவார்களாம். மருமகள் சேர்ந்திருந்த பந்தயத்தில் மட்டும் ஆறும் ஒரே ரகமாக இருக்க வேண்டும் என்று சட்டம். அவள் இலையை எடுத்திருந்தாள்.

"ஏன் ஆத்தா, எரிஞ்சு போற ரகத்தப் போயி எடுத்த?" என்று கேட்டேன்.

"நெருப்ப எடுத்து எல்லாரும் ஜெயிப்பாங்க அத்தே. இலைய வச்சு ஜெயிச்சாத்தான் பேரு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. கர்வக்காரி. நானும் அப்படித்தான்.

அவள் போடியில் ஒரு ஏலக்காய் கடையில் கம்ப்யூட்டர் சோலி பார்க்கிறாள். அங்கே அவளுக்குப் பேரே கிடையாதாம், "ஏம்மா கம்ப்யூட்டர்" என்றுதான் கூப்பிடுவார்களாம். பந்தயத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. தோற்றவர்கள்கூட அந்தப் பேரைச் சொல்லி, நல்ல ஆட்டம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு சண்டையாக ஜெயித்து ஜெயித்து, கடைசி நாலு பேரில் ஒருத்தியாக நின்றாள்.

என் பங்கு முட்டை. இரண்டு பூதங்களைச் சேர்த்து விட்டால் முட்டை கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் இருக்கிற ஆள் நடந்துகொண்டே இருந்தால் பொரிக்கும். அவள் காலையில் போனால் சாயங்காலம் வருகிறவள், அவளுக்கு நேரம் ஏது? என் முழங்கால் வாசலைத் தாண்டாது. பெட்டிக்குள் இருக்கிறவனுக்கு முழங்கால் நல்லா இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி அவனை நடக்கவிட்டேன். குஞ்சு பொரித்ததும் அதன் பலத்தைக் காட்ட ஆறு முனை வைத்த கோலம் மாதிரி ஒன்று திரையில் வரும். எல்லா முனையும் விளிம்பைத் தொட்டால் வைத்துக்கொள்ள வேண்டும். அமுங்கி இருந்தால் விட்டுவிட வேண்டும். விட்டால் ஒரு தடவை கையை ஆட்டிவிட்டுப் போய்விடும். போனது போனதுதான், திரும்ப வராது.

இதை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று சொன்னால் சிரிப்பு வரும். நான் நாற்பது வருஷம் ஏலக்காய் பிரித்தவள். முறத்தில் காயைக் கொட்டினால் என் கண்ணுக்கு முன்னால் கை போகும். வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம். நான் பிரித்த தட்டைத்தான் எங்கள் முதலாளி ஏலத்துக்குச் சாம்பிளாக எடுத்துக்கொண்டு போவார். வேறு யார் தட்டையும் எடுக்க மாட்டார். நல்ல பச்சைக்கு நடுவில் வெளுத்த காய் ஒன்று கிடந்தால் போதும், வாங்குகிறவன் தட்டை அப்படியே தள்ளிவிடுவான். அந்தக் கையிடம் போய், முதல் வரிசையைத் தொடாதே என்கிறாள் நேற்று வந்தவள்.

உண்மையைச் சொன்னால் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண்டை. எதிராளி நெருப்பு ரகக்காரன். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்தாள். என் மகன் மலைக்குப் போயிருந்தான். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டுகிறான். நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு குஞ்சு பொரித்தது பாருங்கள், தளதளவென்று பச்சை, ஆறு முனையும் விளிம்பில். இதை எங்கே வைப்பது என்று தேடும்போது முதல் வரிசை கண்ணில் பட்டது. சண்டைக்கு என்று அவள் எடுத்து வைத்த ஆறு பூதம். அஞ்சு பச்சை. ஆறாவது, மண்ணாங்கட்டி மாதிரி ஒன்று. காய்ந்த உடம்பு, தலையில் மட்டும் ஒரே ஒரு இலை.

ஒரே ரகமாக இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம்? கவனிக்காமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அதை மட்டும் நினைக்கவில்லை. நான் இல்லாவிட்டால் நாளைக்கு இவள் தட்டைத் தள்ளியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். அதில் ஒரு சந்தோசம் இருந்தது. பெட்டி இங்கிலீசில் என்னமோ கேட்டது. எனக்கு அந்த எழுத்துத் தெரியாது, எப்போதும் அழுத்துகிற பட்டனை அழுத்தினேன். மண்ணாங்கட்டி கையை ஆட்டிவிட்டுப் போனது. அந்த இடத்தில் நான் பொரித்த குஞ்சை வைத்தேன். ஆறும் பச்சை. பார்க்க அவ்வளவு அழகு.

சாயங்காலம் அவள் அலுத்து வந்தாள். நான் சொல்லவில்லை. நாளைக்கு அவளே பார்த்து, அத்தே என்று வாயைப் பிளக்கட்டும் என்று காத்திருந்தேன். மகன் டீ குடிக்கிறபோது பெட்டியை எடுத்துச் சும்மா அங்கேயும் இங்கேயும் ஆளை நடக்கவிட்டான். கொஞ்ச நேரம்தான். வைத்துவிட்டான்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அவள் பெட்டியைத் திறந்தாள். மகன் ஜீப்பைக் கழுவப் போயிருந்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். திரையைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் இருக்கிற எல்லா வரிசைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஊசி தொலைத்தவள் பாயை உதறுவது மாதிரி.

"இங்கன ஒண்ணு இருந்துச்சே அத்தே, மண்ணு நிறத்துல."

அதில் என்ன ஆத்தா இருக்கு என்று கேட்டேன். அவள் சொன்னாள். அது இலையும் கல்லும் சேர்ந்த பிறவி. இலை என்று கணக்கில் சேரும், ஆனால் நெருப்பால் அதைச் சுலபமாக எரிக்க முடியாது. அது திருப்பிக் கல்லால் அடித்தால் நெருப்பு சாயும். ஒரே ரகமாக ஆள் சேர்க்கிறவர்கள், அந்த ரகத்துக்கு எது எமனோ அதைத் தாங்குகிற ஒன்றை அதே ரகத்துக்குள் தேடிப்பிடித்து வைப்பார்களாம். அதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறதாம். முகம் தெரியாத ஒருத்தரிடம் நல்ல பூதங்கள் நாலைக் கொடுத்து இதை வாங்கியிருக்கிறாள். இரண்டு மாசம் பழக்கியிருக்கிறாள். அன்றைய சண்டைக்கு என்று ஒளித்து வைத்திருந்த ஒரே ஆயுதம் அது.

"நீங்க பொரிச்ச குஞ்சு எப்படி அத்தே இங்க வந்துச்சு? நீங்க தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடுறேன். நேத்துச் சாயங்காலம் அவந்தான் வச்சு நோண்டிக்கிட்டு இருந்தான்."

குரல் நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. அவன் நோண்டினது நெசம். அந்த நெசத்தை எடுத்து என் பொய்க்கு மூடியாகப் போட்டேன்.

அவள் சண்டைக்குப் போனாள். நெருப்பு ஒவ்வொன்றாக எரித்தது. என் பச்சைக் குஞ்சு ஒரே அடியில் விழுந்தது. அவள் பெட்டியை மூடி வைத்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் எழுதியதாகத் தெரியவில்லை. அவள் பார்க்கவும் இல்லை.

மகன் வந்ததும் கேட்டாள். இல்லை என்றான். சாமி சத்தியம் என்றான். முன்னால் ஒரு தடவை அவளுடைய போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, நான் இல்லை என்று ஒரு வாரம் சாதித்தவன் அவன். அந்தப் பழைய பேச்சை அவள் எடுத்தாள். அவன் அவள் விளையாட்டைப் பேச்சில் இழுத்தான், கல்யாணம் ஆன பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பெட்டி என்றான். வார்த்தை எங்கெங்கேயோ போயிற்று. இரண்டு நாள் கழித்து அவள் சிலமலைக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். சும்மா பார்த்துவிட்டு வர்றேன் என்றுதான் சொன்னாள். பைதான் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மகன் எனக்கு எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நெசமா நான் எதையும் விடலம்மா" என்றான். நம்புகிறேன் அப்பு என்றேன். நான் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

பத்து நாள் பொறுத்தேன். பொறுத்தேன் என்பது தப்பு, ஒளிந்திருந்தேன். தானாக வருவாள், தானாகச் சரியாகும் என்று. பிறகு முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சிலமலைக்குப் பஸ்சு ஏறினேன். அவள் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல் வரிசையத் தொட்டது நாந்தான்" என்றேன்.

அவள் கையில் இருந்த ஈரச் சேலையைக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்து, பிறகுதான் திரும்பினாள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பாள், காய் பிரித்த கதையைச் சொல்லலாம் என்று பஸ்சு முழுக்கத் தயார் பண்ணி வந்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அவரக் கைகாட்டி விட்டீங்களே, அது எதுக்கு?"

"வாயில தானா வந்துருச்சு ஆத்தா."

"தானா வராது அத்தே."

அன்று சாயங்காலமே என்னோடு கிளம்பி வந்தாள். வரும் வழியில் அவனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். எப்படிச் சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நான் அடுப்படியில் நின்றபடி கேட்டேன். முந்தின வாரமே தானே கை தவறி அதை விட்டுவிட்டதாகவும், மறந்துபோய் அவனைச் சந்தேகப்பட்டதாகவும் சொன்னாள். என் பேர் வரவே இல்லை. பிறகு என்னிடம் சொன்னாள், உங்களை அவர் ஒரு வார்த்தை பேசிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் மூன்று பேரும் எப்படிப் புழங்குவது என்று. நான் தலையை ஆட்டினேன். காலில் விழாத குறைதான். ஆனால் நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

மகனுக்குக் கொண்டாட்டம். தன் மேல் தப்பில்லை என்று ஆகிப்போன ஆம்பளைக்கு ஒரு தெம்பு வரும் இல்லையா, அது வந்தது. போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தான். அவள் சாவியைத் தேடினால், "கையாட்டி அனுப்பிட்டியா?" என்பான். அவள் சிரித்துக்கொள்வாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். இப்படி ஐந்தாறு மாசம்.

பொங்கலுக்கு மறுநாள் அவள் அப்பா வீட்டில் விருந்து. அவள் அப்பா ஆடு வளர்க்கிறவர், புதுக் குட்டி ஒன்றை மகளுக்குக் காட்டினார். மகன் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி சொன்னான்:

"மாமா, உங்க மக கையில குட்டியக் குடுத்துறாதீங்க. அவுத்து விட்டுட்டு, புருசன் தின்னுட்டான்னு சொல்லுவா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பாவும் சிரித்தார், சின்னதிலிருந்தே என் மகளுக்குக் கவனம் பத்தாது மாப்ளே என்றார். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவள் அப்பாவே அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"அத விட்டது அவ இல்லப்பா. நானு."

சொன்னேன், முழுசாகச் சொன்னேன். மகன் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவளைப் பார்த்தான்.

"அப்ப எங்கிட்டப் பொய்யா சொன்ன நீயி?"

விடுங்க மாப்ளே, சாப்பிடுங்க என்றார் அவள் அப்பா. அவன் பாதியில் கையைக் கழுவிக்கொண்டான்.

பின்பக்கம் அவள் பாத்திரம் கழுவும்போது போய் நின்றேன். "இப்ப எதுக்கு அத்தே சொன்னீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவரு சிரிக்கிறது எனக்குப் பழகிப் போச்சு. அன்னைக்கே சொல்லியிருந்தா சரி. இன்னைக்குச் சொன்னது உங்க மனசு லேசாகறதுக்கா?"

யோசித்தேன். வேறு பதில் இருக்கிறதா என்று தேடினேன்.

"ஆமா" என்றேன்.

அவள் கழுவின தட்டை என்னிடம் நீட்டினாள். வாங்கித் துடைத்தேன்.

இப்போது வேறு பந்தயம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள், திரும்பவும் இலைதான். முட்டைகளைக் கடையிலிருந்து வந்தபிறகு அவளே பொரித்துக்கொள்கிறாள். நான் கேட்கவில்லை. மகன் நாலு நாளில் சரியாகிவிட்டான், கேலியும் நின்றுவிட்டது. ஆனால் அவள் எதைச் சொன்னாலும், ஏலக்காய் கடையில் இன்றைக்கு வெரசா விட்டுட்டாங்க என்று சொன்னால்கூட, ஒரு நொடி நிறுத்தி, "நெசமாவா?" என்று கேட்கிறான். முன்னால் அப்படிக் கேட்க மாட்டான். அவள் நெசந்தான் என்கிறாள். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன், இரண்டும் என் காதில் விழுகிறது.