சஹரில் உண்ட சோறு

மாலை ஆறு இருபது. நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. பேரீச்சம்பழத் தட்டை எடுத்த மகள் அதை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். நான் பின்னால் போய் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன். வெளியே வந்தது விடியுமுன் சஹருக்கு அவள் சாப்பிட்ட சோறு. பருக்கை பருக்கையாகக் கிடந்தது. கீரை இன்னும் பச்சையாகவே இருந்தது. ஒரு பகல் முழுவதும் அந்தச் சோறு எங்கும் போகாமல் அவள் வயிற்றில் காத்திருந்திருக்கிறது.

என் கணவரின் மூத்த சகோதரி, ராத்தா, அன்று எங்களோடு நோன்பு திறக்க வந்திருந்தார். முசலி ஊரில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். தண்ணீரோடு வந்து, "தானா வந்திச்சா புள்ள, நீயா எடுத்தியா?" என்று கேட்டார்.

"தானாத்தான் மாமி."

"அப்ப நோன்பு முறியல்ல. வாயைக் கொப்புளி."

வலிந்து சத்தி எடுத்தால்தான் நோன்பு முறியும். அதனால் ராத்தா இரக்கத்தோடுதான் கேட்டார். அதே கேள்வி வேறு வேறு வாய்களிலிருந்து என் மகளைத் துரத்தப் போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்த நோன்புக்குச் சற்று முன்னர் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாய் சோறு தின்றாலே வயிறு நிறைந்துவிட்டது என்பாள். முதலில் அவளே அதைப் பகிடியாக்கினாள். "என்ட வயிறு அரசாங்கக் கந்தோர் மாதிரி உம்மா. உள்ள போன ஒண்டும் லேசில நகராது." பிறகு கன்னம் ஒட்டியது, சட்டைகள் தொளதொளத்தன, பகிடியும் நின்றது. மருத்துவர்கள் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். புண் ஒன்றும் இல்லை என்றார்கள். தீவுப் பக்கமிருந்து அவளுக்குக் கலியாணம் பேசி வந்திருந்த நேரம் அது. "மாப்பிள்ளைப் பேச்செடுத்தா வயித்தைப் பிரட்டுதாம்" என்று அயலில் சிரித்தார்கள். அதைவிடக் கேவலமான ஒன்றையும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பேச்சு வந்த வீட்டார் பிறகு வரவில்லை.

ஒரு மருத்துவர், "தொண்டைக்குள்ள விரலை விடுறீங்களா தங்கச்சி?" என்று அவளைக் கேட்டார். சாப்பிட்ட பின் ஒரு மணித்தியாலம் அவளைத் தனியே விடவேண்டாம் என்று என்னிடம் சொன்னார். நான் குளியலறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் கதவை அவளே அகலத் திறந்தாள். "பாருங்கோ உம்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

அந்த முதுகை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கை வேலை ஓடாது.

வயிறு தாமதமாகக் காலியாகும் இந்த நோயைப் பற்றிப் பின்னாளில் தேடித் தேடி வாசித்தேன். முன்னொரு காலத்தில் துப்பாக்கிச் சூடு பட்ட ஒருவரின் வயிற்றில் துளை மூடாமலே நின்றுவிட்டதாம். ஒரு மருத்துவர் இறைச்சித் துண்டை நூலில் கட்டி அதற்குள் இறக்கி, வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தாராம். பிறகு குழாய் வந்தது, எக்ஸ்ரே வந்தது. வயிறு சோம்பிப்போகும் இந்த நிலைக்குத் தனிப்பெயர் கிடைத்ததோ போன நூற்றாண்டின் நடுவில்தான். அதுவும் நீரிழிவுக்காரர்களிடம் கண்ட பிறகு. அந்தப் பெயருக்கு முன் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு மனக்கோளாறு என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்? பெயர் வந்த பிறகும் என் பிள்ளைக்கு அது வந்து சேர இரண்டு வருடம் எடுத்தது. இப்போது அவள் சோற்றைக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குடிக்கிறாள். நோன்பு பிடிக்க அனுமதியில்லை. நாங்கள் நோன்பு திறக்கும்போது கஞ்சி ஊற்றித் தந்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அந்தப் பெயரைத் தந்த பரிசோதனைக்காகத்தான் கொழும்புக்குப் போனோம். முட்டையில் மிகக் குறைந்த கதிர்வீச்சுள்ள மருந்தைக் கலந்து பாணோடு கொடுத்தார்கள். அது வயிற்றைவிட்டு நகர்கிறதா என்று இடையிடையே படம் எடுத்தார்கள். பின்னேரம்வரை விறாந்தையில் காத்திருந்தோம். கடைசியாக ஒரு சிங்கள டொக்டர் அம்மா வந்தார். என்னைத் தாண்டிப் போய் மகளுக்கு அருகில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசினார்.

"மகள், காலையில சாப்பிட்ட முட்டை முக்கால்வாசி இன்னும் வயித்துக்குள்ளதான் இருக்கு. வயிறு வேலை செய்யிறது குறைவு. மருந்து தாறன். ஆனா முழுசா சுகமாகும் எண்டு சொல்ல ஏலாது."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்ப நானாச் செய்யல்லத்தானே டொக்டர்?"

"இல்ல மகள். நீங்க ஒண்டும் செய்யல்ல."

"அதை உம்மாட்டயும் ஒருக்காச் சொல்லுங்கோ."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்கட பிள்ளை பொய் சொல்லல்ல."