சுவருக்கு அலைந்த ஃபியட்

கொடைக்கானலில் சமமாக இருப்பது ஏரித் தண்ணீர் ஒன்றுதான் என்பார் டாக்சி டிரைவர் சேனாதிபதி. அதன்மேல் காரை நிறுத்த முடியாது என்பது அவருடைய நெடுநாள் குறை. சீமைக்கே திரும்பிய வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தி விற்றுவிட்டுப் போன பழைய ஃபியட்டை ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டியே அவர் தலை நரைத்தது.

ஹெட்லைட்டைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. மூடுபனி இல்லாவிட்டால் லைட் தேவையில்லை, வளைவெல்லாம் மனப்பாடம். மூடுபனி இறங்கிவிட்டால் லைட் போட்டும் பயனில்லை. ஆக எப்போதும் உதவாத இரண்டு பல்புகளை அவர் லேசில் மாற்றுவதில்லை.

சித்தாந்தம் ஒரே ஒரு நாள் சோதனைக்கு வந்தது. தங்கை சண்முகவள்ளி மகளுக்குக் கல்யாணம். பூண்டியிலிருந்து மாப்பிள்ளையை வெள்ளனே, இருட்டோடு அழைத்து வரும்போது நடுக்காட்டில் பல்புகள் போய்விட்டன. மனப்பாடம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. விடியும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் போனது. அடுத்த நல்ல நேரத்தில் தாலி கட்டி, அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் தகப்பன் சுப்புராஜ் மட்டும் அன்றைக்கு மச்சானோடு பேச்சை நிறுத்தியவர்தான். அது எழுபத்தேழு.

எண்பத்து மூன்று ஏப்ரலில் ஃபியட்டுக்கு எஃப்சி வந்தது. மலைக்குக் கீழே போய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். திருப்பி அனுப்பிவிட்டால் சீசன் முழுக்க வண்டி வீட்டு வாசலில் நிற்கும். வருடத்துச் சோறும் அதோடு நிற்கும். பழைய பல்புகளைக் காட்டி வம்பில் மாட்டுவானேன் என்று சேனாதிபதி புதுசு மாட்ட உட்கார்ந்தார். விளக்கைச் சுற்றிய நிக்கல் வளையத்தின் திருகு துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஊறப்போட்டு, திட்டி, கழற்றினார். உள்ளே கோர்த்திருந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி, பல்புகளை மாட்டி மூடினார். இரண்டும் எரிந்தன. ஆனால் திருகோடு நடத்திய மல்யுத்தத்தில் விளக்குகள் நிலை மாறிவிட்டன. இடது விளக்கு வானத்தைப் பார்த்தது. வலது விளக்கு சாக்கடையைப் பார்த்தது.

அதைச் சரிசெய்யச் சமதரையில் காரை நிறுத்தி, எதிர்ச் சுவரில் விளக்கு உயரத்துக்குக் கோடு போட்டு, டிம் வெளிச்சம் கோட்டுக்குக் கீழே விழுகிற மாதிரி திருக வேண்டும். ஊரில் சமதரை இருந்த இடத்தில் சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் தரை சரிந்தது. இரண்டும் சேர்ந்த இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான்: வில்பட்டியில், பூண்டு காயப்போட மண்ணடித்துச் சமமாக்கிய களம், அதையொட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் சுண்ணாம்பு அடித்த சுவர். சுப்புராஜுடையது.

பொழுது மசங்கும்போது காரைக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏ வள்ளி, யாரோ வந்திருக்காக. என்ன சோலின்னு கேளு," என்றார் சுப்புராஜ், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"யாரோ இல்லங்க, எங்க அண்ணன்தான். கார் லைட்டச் சரி பண்ணணுமாம்."

"லைட்டா? இப்பயாவது ஞாபகம் வந்துச்சான்னு கேளு."

இதற்குச் சொல்ல சேனாதிபதியிடம் பல வருடமாகத் தயாரித்த பதில்கள் இருந்தன. திருகு அவர் தெம்பையெல்லாம் தின்றுவிட்டிருந்தது.

"வந்துருச்சுன்னு சொல்லு தாயி."

சுப்புராஜ் எழுந்து வந்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் களத்தில் கொட்டி, அது எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்பதை யாரையும் பார்க்காமல் எல்லோருக்கும் காட்டினார். பிறகு ஒரு விளக்கைச் சாக்கால் மூடினார், சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்தார்.

"இன்னும் எறக்கச் சொல்லு."

"அண்ணே, இன்னும் எறக்கணுமாம்."

"எறக்குனா பள்ளந்தான் தெரியும்னு சொல்லு."

"ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டா வாய் சுளுக்கிக்கிருமா? பால் பொங்குது, நான் போறேன்."

வள்ளி உள்ளே போய்விட்டாள். சேனாதிபதி விளக்கின் திருகைத் தன் போக்கில் திருகினார். வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஏறியது.

"யோவ் மச்சான், எறக்குமய்யா வெரசா! எதிர்ல வர்றவன் கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

சொன்ன பிறகுதான் சுப்புராஜுக்கே உறைத்தது. சேனாதிபதி எதையும் கவனிக்காதவர் போல் இறக்கினார்.

மறுநாள் உச்சிவெயிலில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். ஹாரனை அடித்துப் பார்த்தார்.

"லைட்டப் போடு. எரியுதா?"

அந்த வெயிலில் சூரியனைத் தவிர எது எரிந்தாலும் தெரியாது.

"எரியுதுங்க."

கையெழுத்து விழுந்தது.

மலையேறும் வழியெல்லாம் சேனாதிபதிக்கு ஆத்திரம். இதற்காகவா அந்த ஆள் களத்தில் போய் நின்றோம்! நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். வில்பட்டிக்குப் போனார்.

சுப்புராஜ் களத்து வாசலிலேயே நின்றார். "என்ன மச்சான், லைட்டச் சுவத்துல அடிச்சுப் பாத்தாரா?"

"பாத்தாரு மாப்ளே. இம்புட்டுச் சரியாக் கோடு போட்டது யாருய்யான்னு கேட்டாரு."

சுப்புராஜ் பூண்டு மூட்டை ஒன்றைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். "நீ என்ன சொன்ன?"

"எங்க மாப்ளேன்னேன்."

"நான் போட்டா அப்பிடித்தான். உக்காரு."

சேனாதிபதி மூட்டையில் சாய்ந்தார். அப்போதுதான் ஆபத்து புரிந்தது. பேசாமல் இருந்த வருடங்களின் பேச்சு முழுவதும் அந்த மனிதனிடம் அப்படியே இருந்தது. பகையில் ஓர் ஓய்வு இருந்திருக்கிறது. அதை இப்போது தானே கெடுத்துக்கொண்டாயிற்று.

"அன்னைக்குக் கல்யாணத்துல என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது மச்சான்," என்று சுப்புராஜ் பந்தக்கால் நட்டதிலிருந்து ஆரம்பித்தார்.