கடலுக்குள் போட்ட வேலி

எங்கள் ஊர்க் கரை ஒரே இடத்தில் நின்றதை நான் கண்டதில்லை. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சரித்து அடிக்கும். அலை கரை மணலை அள்ளி மேற்கே கொண்டுபோகும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிறந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். இதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்ததில்லை.

ஐயா எடுத்தார். யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்தி, கடற்கரைத் தென்னங்காணியை இரண்டாகப் பிரித்து எங்களுக்குச் சீதனமாக எழுதினார். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அக்காவுக்கு, நடுவே வேலி. பாய்க்கப்பலில் பர்மா வரை போய்வந்த மனிதர்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்தான் அல்லவா, காணி என்றால் கை சும்மா இருக்காது. வேலியைக் கரையோடு நிறுத்தாமல் கடலுக்குள்ளும் இறக்கினார். பனங்குற்றிகளை நட்டு, இடையே கடற்கற்களை நெருக்கி அடுக்கினார். பிள்ளைகளின் மண் கரைந்து போகக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

மணல் நின்றது. என் பக்கத்தில் மட்டும் நின்றது. கிழக்கிலிருந்து வந்ததெல்லாம் வேலியில் முட்டித் தேங்கி, இரண்டு மாரிக்குள் என் முற்றம் விரிந்துவிட்டது. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. புது மண்ணில் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டினார். வேலிக்கு அப்பால் அக்காவின் கரைக்கு மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. முன்வரிசைத் தென்னைகள் விழுந்தன. அடுத்த மாரியில் கடல், வீட்டுக்கு முன்னால் தனியாய் நின்ற அவளுடைய குசினிக்குள் ஏறி அடுப்பை அணைத்துவிட்டது. இனி வீடு மட்டும்தான் மிச்சம்.

அன்று ஐயா வேலியைப் பிடுங்க அலவாங்கோடு வந்தார். "ஒரு பிள்ளையின்ரை மண்ணைப் பறிச்சு மற்றப் பிள்ளைக்குக் குடுத்திட்டன்" என்று சொல்லிக்கொண்டே வேலியை நோக்கி நடந்தார்.

"கடல் தந்த மண், மாமா. அதிலை ஆர் பங்கு கேக்கிறது?" என்றார் என் கணவர். வந்த கோபத்தில் அவரைப் பிடித்து அந்தக் குழிக்குள்ளேயே தள்ளியிருப்பேன்.

ஆனால் ஐயாவைத் தடுத்தது அக்கா. "விடுங்கோ ஐயா. உந்த வேலியைப் பிடுங்கினால் தங்கச்சியின்ரை கரையும் போயிடும். அவளுக்கெண்டாலும் இருக்கட்டும்."

தன் அடுப்படிக்குள் கடல் வந்து நிற்க, என் முற்றத்துக்காகப் பேசுகிறாள். "நீ சும்மா இரக்கா" என்று கத்திவிட்டு, ஐயாவின் கையிலிருந்த அலவாங்கைப் பறித்துக்கொண்டு சேலையோடு தண்ணீரில் இறங்கி முதல் குற்றியைக் கிளப்பினேன். முறைத்துக்கொண்டு நின்ற என் கணவரும் கொஞ்ச நேரத்தில் இறங்கினார்.

மாரி முடிவதற்குள் என் புது முற்றம் தென்னங்குழிகளோடு போய்விட்டது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். அக்காவின் குசினி தப்பவில்லை, வீடு தப்பியது. அதன் முன்னால் மணல் மெல்ல ஏறியது. அவளுடைய பிள்ளைகள் அதில் உருண்டு விளையாடும்போது, அது என் முற்றத்து மண் என்று நினைப்பேன். எனக்குக் கிழக்கே எவளுடைய முற்றத்திலிருந்து அது என்னிடம் வந்ததோ என்றும் நினைப்பேன்.