அறைக்கு நாலு பேர்

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப்போகிறார்கள், துணைக்குப் பெற்றோர் ரெண்டு பேர் வரவேண்டும் என்று மகள் வந்து சொன்னாள். சத்தியம், அகிம்சை பற்றிய அருங்காட்சியகமாம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நான் தூங்குகிற நாள். அதற்கும் வேட்டு வைக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறினேன்.

உள்ளே போனதும் எரிச்சல் போய் ஒரு பெருமை வந்துவிட்டது. தடியடி வாங்கிக்கொண்டு, திருப்பிக் கை ஓங்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் பெரிய படம் ஒன்று அங்கே இருந்தது. பதினெட்டு வருச வேலையில் நானும் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. நாமும் இவர்கள் கட்சிதான் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

சுற்றிக்காட்ட வந்தவர் சட்டையை உள்ளே விட்டு, பையில் பேனா செருகி, கையில் நோட்டோடு இருந்தார். வினையே அதில்தான் இருந்தது. எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூம்ல எத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்வாங்க?"

நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "நாலு பேரு சார்!"

மனிதர் திகைத்துப்போனார். நோட்டும் பேனாவுமாக யார் வந்து கேட்டாலும் நாலு என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். சட்டம் அறைக்கு நாலு பேர் என்கிறது. கேட்டில் ஆபீசர் ஜீப் சத்தம் கேட்டால், கூடுதல் ஆட்கள் தூக்குவாளியோடு பின்வேலிப் பக்கம் போய் விறகு பொறுக்க வந்தவர்கள்போல் குனிந்துகொள்வார்கள். வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரவேண்டும். என் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அவள்தான் கையைத் தூக்கினாள். "எங்கம்மா ரூம்ல ஏழு பேரு சார். நாலுன்னது பொய்யி."

டீச்சர் இருமினார். சுற்றிக்காட்டியவர் என்ன புரிந்துகொண்டாரோ, "சரிம்மா" என்று நோட்டை மூடிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

திரும்பும்போது திட்டுவதற்கென்றே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மானத்த வாங்கிட்டியே தாயி" என்று ஆரம்பித்தேன். அவள் பயப்படவில்லை. "நாலுன்னு ஏம்ப்பா வச்சிருக்காக?" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. ஆபீசரிடம் சொல்லவேண்டிய பதில் என்று மட்டும்தான் தெரியும். நானோ போர்மேன் வேலைக்காக அந்தக் காரணத்தையெல்லாம் படித்து, பரீட்சை எழுதித் தேறியவன்.

"தீப்பிடிச்சா, நாலு பேருன்னாத்தான் ஒருத்தரு மேல ஒருத்தரு இடிக்காம வெளிய ஓட முடியும்."

"அப்ப மத்த மூணு பேரு?"

திருமங்கலத்தில் முறுக்கு வாங்கி நீட்டினேன், விருதுநகரில் கடலைமிட்டாய் வாங்கி நீட்டினேன். அவள் வாங்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் வேலை தொடங்குமுன் அந்த அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே ஏழு பெண்கள். எல்லோரும் எங்கள் தெருதான், ஒரே வேனில் வருகிறவர்கள். அதில் ஒருத்தி என் மனைவி. மகளிடம் சொன்னதை அவர்களிடமும் சொன்னேன். மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இது தெரிஞ்சேவா இம்புட்டு நாளா என்னைய இங்கன உக்கார வச்சீக?"

"ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லுமுன் கூனிக்குறுகிப் போனேன். கை நீட்டாதவன் என்ற பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் எழுந்து வெளியே வந்தாள். பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள்.

முதலாளி குதித்தார். "லோடு நிக்கிது, இப்பப் போயி என்னப்பா கூத்து இது?"

"வேலைக்குன்னு கட்டுன ரூமுல அட்டைப்பெட்டிய அடைச்சு வச்சிருக்கோம் அண்ணாச்சி. அதத் தொறந்து விடுங்க, மூணு பேரும் அங்கன உக்காரட்டும். இல்லைன்னா வேற போர்மேனப் பாருங்க." என்றேன். "அப்ப வீட்டுக்குப் போ" என்றார். போனேன்.

மூணு நாள் வீட்டில் கிடந்தேன். மகள் சோறு வைப்பாள், பேசமாட்டாள். மனைவிதான் சாயங்காலம் வந்து சொல்லுவாள்: "நாலு பேரு உள்ள வேல பாக்கோம். மூணு பேரு பூட்டுன ரூம் வாசல்ல போயி உக்காந்துக்கிடுதோம். தெனமும் ஆள் மாறிக்கிடுதோம். யாரையும் ஒரு வார்த்த வையல." அருங்காட்சியகத்துக்குப் போகாதவள் அவள்.

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. "வந்து தொலைப்பா, ரூமத் தொறந்தாச்சு." அந்தத் தடவை லோடு தாமதமாகத்தான் போனது. தீபாவளி அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அன்று வேலை முடிந்து நான் பைக்கில் முன்னால் வந்துவிட்டேன். வேன் தெருமுனையில் நின்ற சத்தம் கேட்டதும் மகள் வாசலுக்கு ஓடினாள். இறங்கியவர்களை ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினாள். ஏழு பேரும் இறங்கி அவரவர் வீட்டுக்குள் போனபிறகு, உள்ளே வந்து என் எதிரே நின்றாள்.

"அப்பா, காப்பி போடட்டா?" என்றாள்.