கிணற்றுக் கல்லில் இல்லாத பெயர்

போன வருடம் மாசி மாதம், சிவராத்திரிக்காக எங்கள் குலசாமி கோயிலில் கூடியிருந்தபோது இது தொடங்கியது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது கோயில். வேனை விட்டு இறங்கியதுமே பெரிய பிளக்ஸ் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் குடும்ப மரம். கிளை கிளையாகப் பிரித்து, வட்டம் வட்டமாகப் போட்டோ ஒட்டி, கீழே பச்சைப் புல்வெளி எல்லாம் போட்டிருந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு புல்லை யாரும் பார்த்ததே கிடையாது. சனமெல்லாம் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது.

அதைச் செய்தவள் என் சித்தப்பா மகள். எனக்குத் தங்கச்சி. காரியாபட்டியில் வீடு, மதுரையில் ஒரு பேங்கில் வேலை. "எம்புட்டு பேரைத் தேடிப் பிடிச்சிருக்கா பாரு இந்தப் புள்ள!" என்று தூரத்துப் பெரியப்பா ஒருவர் அவள் தலையில் கை வைத்து வாழ்த்தினார். அப்பாவும் சித்தப்பாவும் போன பிறகு எங்களுக்கு மூத்தவர் என்று இருப்பது அவர்தான். எனக்கு வயிறு எரிந்தது. 

காரணம் இருக்கிறது. அவளுக்குப் பல வருடம் முன்பே குடும்ப மரம் தொடங்கியவன் நான். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். ஒரு போல்ட் உள்ளே வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் அலமாரியில் ஏற்றமாட்டேன். அப்பா இறந்த பிறகு அவருடைய சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தப் போய், கம்ப்யூட்டரில் வம்சாவளி எழுதும் ஒரு மென்பொருள் இருப்பது தெரியவந்தது. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் 'ஆதாரம்' என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பட்டா, வாக்காளர் பட்டியல், சமாதிக் கல் என்று எது கிடைத்தாலும் ஸ்கேன் செய்து, வருடம், ஊர், ஆள் என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் வைத்து, எங்கே எடுத்தேன், யாரிடம் அசல் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி இணைப்பேன். ஆதாரம் இல்லாத ஆளை மரத்தில் ஏற்றமாட்டேன்.

அதை ஒருமுறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மாமா மட்டும் 'குட் மார்னிங்' போட்டார்.

தங்கச்சியின் மரத்தில் ஆதாரம் என்று ஒரு பொட்டும் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடி கேட்டது, சாவு வீட்டில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது எல்லாம் அதில் இருந்தது. ஆனால் எல்லோரும் அவளிடம் பேசினார்கள். நான் போய் நின்றால், "பத்திரம் கித்திரம் எதுவும் எங்கிட்ட இல்லப்பா" என்று கதவைச் சாத்துவார்கள். அவள் போனால் காபி கொடுத்து, போட்டோ ஆல்பத்தையும் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் காபிக்குக்கூட நான் பொறாமைப்பட்டேன்.

அந்தச் சமயத்தில் என் மகனுக்கு ஒரு பெண் பேசி முடிக்கும் நிலையில் இருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. பெண் வீட்டார் இருப்பது விருதுநகரில், பூர்வீகம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். நடுவில் ஒரு கண்மாய்தான். குலசாமி வேறு என்பதால் யாரும் மேற்கொண்டு தோண்டவில்லை. பங்குனியில் பூ வைத்து நிச்சயம் செய்வதாகப் பேச்சு.

சிவராத்திரி முடிந்த வாரம் பெரியப்பா போன் செய்தார். "ஏப்பா, பிளக்ஸுல நல்லாப் பாத்தியா? ஒங்க தாத்தாவுக்குத் தம்பின்னு ஒரு ஆளைப் போட்டுருக்கா. அந்த ஆளோட வம்சம்தான் நம்ம பயலுக்குப் பாத்த பொண்ணு. அப்ப ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறையில்ல வருது?"

குலசாமி வேறாயிற்றே என்றேன். "மாமனார் ஊருல போயி உக்காந்தவுக சாமியையும் மாத்தியிருப்பாக. பங்காளி வீட்டுல பொண்ணெடுத்தா ஊரு சிரிக்கும்" என்று முடித்துவிட்டார்.

பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்து, காரணத்தைச் சொல்லாமல், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல், "சரிங்க" என்று வைத்துவிட்டார். அந்த 'சரிங்க'வில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. மகன் சண்டை போடவில்லை. என் போனை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கவலைக்கு நடுவிலும் எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் ஓடியது. ஆதாரமில்லாமல் எழுதியவள் இப்போது மாட்டிக்கொண்டாள் அல்லவா. அவள் போட்ட கோடு தப்பு என்று நிரூபித்தால் கல்யாணமும் நடக்கும், அவள் கொட்டமும் அடங்கும். லேப்டாப்பைத் திறந்து தாத்தா பெயரில் இருந்த ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கிடைத்தது. எங்கள் பழைய தோட்டத்துக் கிணற்றுக் கல்லை நான் எடுத்து வைத்திருந்த போட்டோ. மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த காலத்துக் கிணறு. கல்லில் இரண்டு பெயர் வெட்டியிருந்தது, கீழே 'சரிபாதி' என்று. ஒன்று தாத்தா பெயர். இன்னொன்று தங்கச்சி 'தம்பி' என்று போட்டிருந்த அதே ஆள். இருவர் பெயருக்கு முன்னாலும் இன்னாரின் குமாரர் என்று தகப்பன் பெயர் இருந்தது. இரண்டு தகப்பனும் வேறு வேறு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லேப்டாப்பும் கையுமாகக் காரியாபட்டிக்குப் பஸ் ஏறினேன். என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. முகம் வீங்கியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்போது அவளைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்களாம். "அண்ணே, நம்ம ஊருல ஒரு சாவுக்குப் போன துட்டி வீட்டுல கேட்டேண்ணே. 'அவுகளும் நீங்களும் பங்காளிகதான்'னு ஒரு ஆளு சொன்னாரு. பங்காளின்னா தம்பின்னு போட்டுட்டேன்" என்றாள்.

படத்தைக் காட்டினேன். இதற்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பது என்று ஆரம்பித்தேன். அவள் நான் பேசியதைக் காதில் வாங்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிணத்துல பங்கு. அதைத்தான் பங்காளின்னு சொல்லியிருக்காரு, நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "ஆனா அண்ணே, இந்தக் காஞ்ச பூமியில யாரோ ஒரு ஆளுக்குச் சரிபாதிக் கிணத்தைக் குடுப்பாகளா?"

அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து, பெயர் வைத்து, அடுக்கி வைத்தவன் நான். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மறுபடியும் வயிறு எரிந்தது.

கல்லைக் காட்டினால் மட்டும் கோபித்துக்கொண்டவர்கள் திரும்பி வருவார்களா, நேரில் போய்க் கேட்போம் என்றாள். பெண்ணின் பெரிய அத்தை மட்டும் இன்னும் பூர்வீக ஊரிலேயே இருக்கிறார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் ஸ்கூட்டரிலேயே கிளம்பினோம். நான் பின்னால் லேப்டாப் பையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா வாசலில் மசாலாவுக்குக் கொத்தமல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. முறை தெரியாததால் அக்கா என்று கூப்பிடுவதா மதினி என்று கூப்பிடுவதா என்றே எனக்குத் தெரியவில்லை. பேசாமல் நின்றேன்.

"எங்க புள்ளைய வேணாம்னு சொல்லிட்டு இப்ப எதுக்கு வந்தீக?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன். "அதை மூடுங்க மொதல்ல" என்றார்.

தங்கச்சி செருப்பைக் கழற்றிவிட்டு மல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூசி தும்பைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "தப்பு எங்க அண்ணன் மேல இல்ல. பிளக்ஸுல தப்பாக் கோடு போட்டது நாந்தான். ஏசுறதா இருந்தா என்னையத்தான் ஏசணும்" என்றாள். அந்த அம்மா ஏசினார். நன்றாகவே ஏசினார். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். கோபம் தீர்ந்த பிறகு, உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்போதுதான் தங்கச்சி கேட்டாள். "உங்க அப்பாவப் பெத்த அப்பத்தா எந்த ஊருலேருந்து வாக்கப்பட்டு வந்தாக?"

அந்த அம்மா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன இப்படிக் கேக்குறீக? ஒங்க வீட்டுலேருந்துதான். ஒங்க தாத்தாவோட கூடப் பொறந்த தங்கச்சி. அது கண்ணாலத்துக்குச் சீருன்னுதான அந்தக் கிணத்துல பாதிய எங்க தாத்தா பேருல வெட்டுனது. பெறகு அந்தக் கிணத்தால வந்த சண்டையில ரெண்டு வீடும் பேச்சத்துப் போச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் பொண்ணு கேக்க வந்தீகன்னு நெனச்சேன்."

தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி! என் மரத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. பட்டாவில் இல்லை, பத்திரத்தில் இல்லை, அவருக்காகக் கொடுத்த கிணற்றின் கல்லில்கூட அவர் பெயர் இல்லை. நான் தேடிய இடத்தில் எல்லாம் ஆம்பளைகள் பெயர்தான் இருந்தது.

"நெசமாத்தானா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அப்பத்தா செத்தன்னைக்கிப் பொறந்த வீட்டுக் கோடி யாரு கொண்டாந்தது? ஒங்கப்பாதான். அப்ப நான் பள்ளிக்கூடம் போற புள்ள, பக்கத்துலதான் நின்னேன். கோடிச் சீலைய அவருதான் மேல போத்துனாரு. அத்தே, அத்தேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. சண்டைய மறந்து எங்க அப்பாதான் கட்டிப் பிடிச்சுத் தூக்குனாரு. அப்புறம் ஒங்கப்பா இந்தப் பக்கம் வரவே இல்ல."

 என் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அம்மா இறந்தபோதுகூட வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தல்காரரிடம் பேசப் போய்விட்டார். அவருடைய பிறப்புச் சான்றிதழிலிருந்து இறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் என்னிடம் இருந்தது. தனக்கு இப்படி ஒரு அத்தை இருந்ததாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தங்கச்சி மல்லியை விட்டுவிட்டு விரலில் முறை எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று துள்ளி எழுந்தாள். "அண்ணே! அண்ணன் வம்சமும் தங்கச்சி வம்சமும். அப்ப மாமன் மச்சான் முறை. நம்ம பயலுக்கு இவுக பொண்ணு முறைப்பொண்ணுண்ணே!"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அப்ப என்னைய மதினின்னு கூப்பிடச் சொல்லு ஒங்க அண்ணனை. வந்ததுலேருந்து வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

அவரே பெண்ணின் அப்பாவான தம்பிக்குப் போன் போட்டுப் பேசினார். பெரியப்பாவிடம் நான் பேசினேன். பிறந்த வீட்டார் மட்டுமே போர்த்தும் கோடியை என் அப்பா கொண்டுபோனதைச் சொன்னேன். "கோடி போயிருக்குன்னா அதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்றார். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. மண்டபத்தில் எல்லோரும் தங்கச்சியைத்தான் சுற்றி நின்றார்கள். முறைப்பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்று பேச்சு. கிணற்றுக் கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதற்கும் எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

இப்போது என் மரத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறார். அவருக்குக் காகிதம் எதுவும் இல்லை. ஆதாரக் கட்டத்தில் சொன்னவர் என்று மதினி பெயரையும், கேட்டவர் என்று என் தங்கச்சி பெயரையும் எழுதினேன். அந்த இரண்டாவது பெயரை அடிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. அதன் பிறகு அவள் வீட்டுக்கு அடிக்கடி போகிறேன். அவள் கேட்டு வந்ததை நான் எழுதி அடுக்குகிறேன். அவள் எப்படிக் கேட்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு அது வரவில்லை.

என் சொந்த அப்பா அழுத ஒரு நாளை, மல்லியில் தூசி பொறுக்கிக்கொண்டே ஒருத்தி எனக்கு வாங்கித் தந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, கூடவே அதைக் கேட்டது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.