சிங்கம் இல்லாத பூங்கா

என் தம்பி செவ்வாய்க்கிழமை பிறந்தவன். ரங்கூனில் பிறந்த கிழமைக்கு ஒரு மிருகம் உண்டு, செவ்வாய்க்குச் சிங்கம். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற நாங்களும் புத்தர் பகோடாவில் அவரவர் மிருகத்தின் சிலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அதனால் அவன், "என் சிங்கத்தை உயிரோட ஒரு தடவை பாக்கணும்ணே, ஆப்பிரிக்கா போலாம்" என்றபோது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. வேறு ஊர்க்காரன் சிரித்திருப்பான். நான் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். அவனைப் பத்திரமாகத் திரும்பக் கூட்டி வருகிறேன் என்று அம்மாவிடம் வாக்கு வேறு கொடுத்தேன். அவளும் தலையாட்டினாள்.

கென்யாவில் அந்தத் தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். இரண்டு பக்கமும் செம்பாறை சுவர்போல நின்றது. நடுவில் தனியாக ஒரு பாறைத் தூண். வரிக்குதிரைகள் எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. ஆட்கள் நடந்தும் சைக்கிளிலும் போனார்கள். பாறை இடுக்கில் வாலில்லாத பெருச்சாளி மாதிரி ஒன்று வெயில் காய்ந்தது.

"உன் ஆளுண்ணே" என்றான். நான் வெள்ளிக்கிழமை, என் மிருகம் கினிப்பன்றி. சிரித்தேன்.

சிங்கம் எந்தப் பக்கம் என்று வழிகாட்டியிடம் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். இங்கே சிங்கம் கிடையாது, அதனால்தான் நடக்க விடுகிறோம் என்றார்.

தம்பியைப் பார்த்தேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"பக்கத்துல ரோஜாப் பண்ணையில வேலை கிடைச்சிருக்கு. நான் திரும்பி வரலண்ணே."

"அப்ப சிங்கம்?"

"அண்ணனும் தம்பியும் டூர் போறோம்னா ஏர்போர்ட்ல ரொம்பக் கேக்க மாட்டாங்க."

"அதை என்கிட்ட சொல்லித் தொலைக்க என்னடா?"

"உனக்குப் பொய் வராது. உளறிக் கொட்டியிருப்பே."

பர்மாவில் அவன் வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தால் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல என்னை இழுத்து வந்திருக்கிறான்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று விமானம் முழுக்கத் தவித்தேன். வீட்டுக்குள் தனியாக நுழைந்தேன். அவள் அழவில்லை.

"அவனுக்கு ரூம் வசதியா இருக்காடா?"

"உனக்கும் தெரியுமா?"

"தெரியாம எப்படி அனுப்புவேன்? கை கழுவிட்டு வா."

சோறு போட்டு வைத்தாள். நான் தொடவில்லை. இப்போதும் அவன் போன் செய்தால், போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிடுகிறேன்.